முப்பத்து மூவாயிரத்து ஒன்று

கிரிக்கெட்டிலிருந்து இஞ்ஞாசி பர்னாந்துவை வெளியே அனுப்பியபோது சொன்ன காரணம், அவன் பந்தை வீசவில்லை, எறிகிறான் என்பது. முழங்கை மடங்குகிறதாம். நான்கு கேமரா, ஒரு கோணமானி, பதினாறு பக்க அறிக்கை என்று பத்தொன்பது வயதுக்காரனின் வலது கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி இறக்கினார்கள். மூன்றே மாதத்தில் தென்கடல் பேஸ்பால் லீக்கின் ஆள் ஒருவர் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். "மடக்கித்தான் எறியணும் தம்பி. நல்லா மடக்கு" என்றார். ஒரு தெருவில் குற்றமாக இருந்தது அடுத்த தெருவில் உத்தியோகம் ஆகிவிட்டது.

பேஸ்பாலில் பிட்சர் என்றால் மண்மேட்டில் ஏறி நின்று அறுபதடி தள்ளி நிற்கும் மட்டைக்காரனைத் தாண்டிப் பந்தை எறிபவன். அதிலும் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர், தேர் வடத்தை முதலில் பிடிப்பவனைப் போல. ஒரே ஆட்டத்தில் நூறு பந்து எறிவான். அப்புறம் நாலு நாள் கையைத் தூக்கக்கூடாது. இஞ்ஞாசி ஐந்து வருடம் அப்படித் தூத்துக்குடி பருந்து அணிக்காக எறிந்தான். ஆறாவது வருடம், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, முழங்கையின் உள்பக்கத் தசைநார் அறுந்தது. அறுந்த சத்தம் மைதான ஓரத்து டக்அவுட் கொட்டகையில் உட்கார்ந்திருந்த சண்முகவடிவுக்கே கேட்டது.

வடிவு அணியின் பிசியோதெரபிஸ்ட். இஞ்ஞாசியைவிட எட்டு வயது மூத்தவள். ஆட்டக்காரர்களை எல்லாம் திட்டித் திட்டியே குணப்படுத்துகிறவள் என்று அவளுக்கு ஒரு பேர் உண்டு. அன்று அவள் யாரையும் திட்டவில்லை. அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள்.

அறுவை சிகிச்சை செய்யவிருந்த டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைத் தூக்கிக் காட்டினார். உள்ளே தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு வெள்ளை இழை.

"ஆய்வுக்கூடத்துல நெய்த நார். நாங்க நூல்னு சொல்லுவோம். இதை உள்ள வெச்சுக் கட்டிட்டா பழையபடி எறியலாம். ஆனா முப்பத்து மூவாயிரம் தடவைதான்."

"சுமாரா முப்பத்து மூவாயிரமா டாக்டர்?" என்றாள் வடிவு.

"சுமாரா இல்லம்மா. நானூறு நூல மிஷின்ல மாட்டி எறிய வெச்சுப் பாத்தோம். நானூறும் அந்த இடத்துலதான் அறுந்தது. பக்கத்துலயே கைக்குப் போற நரம்பு ஓடுது. நூல் அறுந்தா அதையும் கிழிச்சுட்டுப் போயிடும். அப்புறம் இந்தக் கையால சோறு பிசைய முடியாது."

ஒவ்வொரு எறிதலையும் எண்ண, எலும்போரத்தில் அரிசி அளவு சில்லு ஒன்று வைத்தார்கள். அதற்குள் உலோகம் இருந்ததால் காந்த ஸ்கேன் எடுக்க வழியில்லை. சில்லு சொல்லும் எண்தான் வேதம். அந்த எண் வடிவின் கைக்கணினிக்கு வரும். 33,000 என்று தொடங்கியது. பயத்துக்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை. நூல் வைத்த எட்டாவது மாதத்திலேயே ஆத்திரப்பட்டு அளவுக்கு மீறி எறிந்த ஒரு கொரியாக்காரனுக்குக் கை விளங்காமல் போன படத்தை எல்லாருமே பார்த்திருந்தார்கள்.

அதன்பிறகு நார் அறுந்த பிட்சர்கள் எல்லாரும் நூல் வைத்துக்கொள்ள, லீக்கே மாறிப்போனது. பழைய காரை வாங்குகிறவன் கிலோமீட்டரைக் குனிந்து பார்ப்பதுபோல, அணிகள் பிட்சரின் மிச்சத்தைப் பார்த்து ஆள் எடுத்தன. பத்திரிகைகள் மிச்சத்தை அச்சடித்தன. எண் பூச்சியத்துக்கு வந்ததும் பிட்சர்கள் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு ஒழுங்காக வீட்டுக்குப் போனார்கள். இதுவரை பதினேழு பேர். ஒருத்தன்கூட அடம் பிடிக்கவில்லை.

இஞ்ஞாசியைப்போல அந்த எண்ணுக்கு அடங்கி நடந்தவன் யாருமில்லை. மற்றவர்கள் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால் எட்டுப் பந்து எறிந்து கையைச் சூடேற்றிக்கொள்வார்கள். இவன் மேட்டில் சும்மா நிற்பான். பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தோளை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பான். அந்த ஒரு நிமிடம் அரங்கமும் அவனோடு சேர்ந்து சும்மா நிற்கும். வெளியூர்க்காரர்கள் முதல் தடவை அதைப் பார்க்கும்போது ஏதோ பூசை நடக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றியதுண்டு.

வீட்டில் அவன் சட்டையைக்கூட நாற்காலியில் விட்டெறிய மாட்டான். நூல் வைத்தபோது மகள் செலினுக்கு மூன்று வயது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பந்தோடுதான் திரிந்தாள். முற்றத்தின் ஒரு மூலையில் அவள் நின்று எறிவாள். மறுமூலையில் இவன் இடது கையுறையால் பிடிப்பான். பிடித்துவிட்டு, முற்றம் முழுக்க நடந்துபோய், பந்தை அவள் உள்ளங்கையில் வைப்பான். திரும்ப நடந்து வந்து நிற்பான். அவள் எறிவாள். இவன் நடப்பான். இடது கையால் ஒருதரம் எறிந்து பார்த்ததில் பந்து பக்கத்து வீட்டு மீன்குழம்புச் சட்டியில் விழுந்தது. அத்தோடு சரி.

அவன் நடந்து நடந்து அந்த முற்றத்துப் புல்லில் ஒரு கோடு விழுந்திருந்தது. வடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது அதைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு போடேன் அந்தப் புள்ளைக்கு. நான் கணக்குல கண்ண மூடிக்கிடுதேன்" என்றாள்.

"ஒண்ணோட நிக்குமாக்கா? ஒண்ணு போட்டா நூறு கேப்பா. நூறுன்னா ஒரு ஆட்டம்." அவன் சிரித்தான். "எல்லாம் தீரட்டும். கடைசில ஒரு அம்பது மிச்சம் வச்சு அவளுக்குப் போடுவேன்."

ஒன்பது வயதில் செலின் பந்தை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டாள். புல் மறுபடி வளர்ந்து கோட்டை மூடிக்கொண்டது.

நூல் வைத்த பதினோராவது வருடம், ஆகஸ்டு மாதம், பனிமய மாதா திருவிழா முடிந்த மறு சனிக்கிழமை, இஞ்ஞாசி கொழும்பு அணிக்கு எதிராக மேடேறினான். வடிவின் கைக்கணினியில் 103 என்று இருந்தது. ஐந்து இன்னிங்ஸ், ஐம்பது பந்து, அப்புறம் மாலை மரியாதை, மிச்சம் மகளுக்கு என்பதுதான் ஏற்பாடு. செலினும் வந்திருந்தாள். பதினாலு வயதுக்குரிய முகத்தை வைத்துக்கொண்டு ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஏற்பாட்டைக் கெடுத்தது அவனுடைய கைதான். அன்றைக்கு அந்தக் கையிலிருந்து புறப்பட்டதைப் பந்து என்று சொல்ல வடிவுக்கு மனம் வரவில்லை. நேரே வந்து கடைசி மூன்றடியில் ஏதோ நினைவு வந்ததுபோல் கீழே இறங்கியது. மட்டைக்காரர்கள் அது இருந்த இடத்தில் மட்டையைச் சுற்றினார்கள். ஐந்து இன்னிங்ஸில் பதினைந்து பேர் வந்தார்கள், பதினைந்து பேரும் ஓடிச் சேரவேண்டிய முதல் கட்டத்தைக்கூட மிதிக்காமல் திரும்பினார்கள். ஒரு ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் வரும் இருபத்தேழு பேரையும் இப்படியே திருப்பி அனுப்பினால் அதற்கு முழு ஆட்டம் என்று பேர். தென்கடல் லீக் தொடங்கிய இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

மேனேஜர் தங்கப்பழம் அவனை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஊருக்குள் நடமாட முடியாது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். முழு ஆட்டத்தை நோக்கிப் போகிற பிட்சரோடு சொந்த அணிக்காரர்கள் பேசமாட்டார்கள். பேசினால் கலைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அமெரிக்காவில் பிறந்த வழக்கம். ஆனால் சகுனம் பார்ப்பதில் நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே, தாய்ப்பால் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஆறாவது இன்னிங்ஸ் முடிந்து இஞ்ஞாசி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் ஆட்கள் நகர்ந்தார்கள். தண்ணீர்ப் பாட்டிலைக்கூடக் கையில் கொடுக்கவில்லை, ஒரு முழம் தள்ளி வைத்தார்கள்.

பதினோரு வருடமாக ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் வடிவு அவன் காதோரம் குனிந்து மிச்சத்தைச் சொல்லுவாள். இன்றைக்கும் எழுந்தாள். தங்கப்பழம் குறுக்கே வந்து நின்றார்.

"எங்க போற தாயி?"

"எண்ணைச் சொல்லணும்லா அண்ணாச்சி."

"வாயத் தொறந்தே, நான் மனுசனா இருக்கமாட்டேன். போய் உக்காரு."

"அவனுக்கு எத்தனை மிச்சம்னு தெரிய வேண்டாமா? கையி அண்ணாச்சி அது!"

"தீந்தா செவப்புத் துண்டு இருக்குல்லா? அத எடுத்துக் கம்பில போடு. அதுவரைக்கும் மூச்சு விடாத."

சிவப்புத் துண்டு அவள் மடியிலேயே இருந்தது. எண் பூச்சியத்தைத் தொட்டதும் டக்அவுட் கம்பியில் அதைப் போடவேண்டும், ஆட்டம் நிற்கும், மேனேஜர் பிட்சரை அழைத்து வரவேண்டும். பதினேழு தடவை இந்த லீக்கில் அந்தத் துண்டு விழுந்திருக்கிறது. அவள் உட்கார்ந்தாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

எட்டு இன்னிங்ஸ் முடிந்தபோது இருபத்துநாலு பேர் வந்து இருபத்துநாலு பேரும் திரும்பியிருந்தார்கள். கைக்கணினியில் 12. இன்னும் மூன்று பேர் பாக்கி. வடிவு எழுந்து நேராகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். டக்அவுட் முழுக்க மூச்சை இழுத்தது. அவன் எறிவதைப் பிடிக்கும் கேட்சர் முகத்தை மூடிக்கொண்டான்.

"பன்னெண்டு" என்றாள்.

இஞ்ஞாசி திரும்பவில்லை. மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "தெரியும்க்கா. நீங்க சொல்லுததுக்கு முன்னாலயே எனக்கு எப்பவும் தெரியும். பதினோரு வருசமா ராத்திரி அத எண்ணிட்டுதான் படுக்கேன்."

"பொறவு ஏன்டே ஒவ்வொரு தடவையும் கேட்டே?"

"நீங்க சொல்லிக் கேட்டா கொஞ்சம் கூட இருக்கும்போலத் தோணும்."

அவன் எழுந்து போனான்.

இருபத்தைந்தாவது ஆளுக்கு நாலு பந்து. மிச்சம் எட்டு. இருபத்தாறாவது ஆள் இரண்டை வெளியே தட்டிவிட்டு ஐந்தாவதில் விழுந்தான். மிச்சம் மூன்று. கடைசியாகக் கொழும்பு அணியின் மூத்த மட்டைக்காரர் நிதானமாக வந்து நின்றார். மூன்று தடவை தவறவிட்டால் அவர் காலி. முதல் பந்தைத் தவறவிட்டார். இரண்டாவது கொஞ்சம் வெளியே போனது, தொடவில்லை. மூன்றாவதை மட்டையின் விளிம்பில் தட்டி வெளியே அனுப்பினார். அப்படித் தட்டுவதும் தவறுதான், இரண்டு ஆகிவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும்.

கைக்கணினியில் பூச்சியம்.

வடிவு துண்டைக் கம்பியில் போட்டாள். நடுவர் கையைத் தூக்கினார். தங்கப்பழம் நகரவில்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "என்னால முடியாது தாயி, நீ போ" என்றார். வடிவு படியேறி மைதானத்துக்குள் நடந்தாள். நாற்பதாயிரம் பேரில் ஒருவர்கூட இருமவில்லை.

"தீந்துட்டு இஞ்ஞாசி. வா."

"ஒண்ணுக்கா. ஒண்ணே ஒண்ணு."

"நரம்பு பக்கத்துலயே போவுது. அறுந்தா உனக்குக் கரண்டி புடிக்க ஆகாது. பெத்த புள்ளைக்கு ஒண்ணு போடாதவன், இவங்களுக்கா கைய அறுத்துக் குடுக்கப்போறே?"

அந்த வார்த்தை அவனைச் சுட்டுவிட்டது. சொன்னவளுக்கே தெரிந்தது. அவன் ஏழாவது வரிசையைப் பார்த்தான். செலின் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அவளுக்குப் போடாம வச்சிருந்ததெல்லாம் எதுக்குக்கா? இதுக்குத்தான. அம்பது மிச்சம் வைக்கேன்னு சொன்னேன், அதையும் இன்னைக்கு எறிஞ்சாச்சு. இப்ப இறங்கி வந்தா, அவகிட்ட நான் எதைக் காட்டுவேன்? எதுக்காக உனக்குப் போடலன்னு கேட்டா, என்ன சொல்லுவேன்?"

துண்டைப் போட்டவளுக்கு மட்டும்தான் அதை எடுக்கும் உரிமை. விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி உண்டு. யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. அவள் திரும்பி நடந்துபோய்க் கம்பியிலிருந்து துண்டை எடுத்தாள். எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு, பார்க்காமல் இருப்பது கோழைத்தனம் என்று தோன்றி, துண்டைக் கண்ணுக்குக் கீழே இறக்கினாள்.

இஞ்ஞாசி காலைத் தூக்கினான். கை பின்னால் போனது, மடங்கியது, பதினாறு பக்க அறிக்கை எந்த மடக்கைக் குற்றம் என்றதோ அந்த மடக்கு. பந்து கிளம்பியது அவளுக்குத் தெரியவில்லை. கேட்சரின் கையுறையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. மூத்த மட்டைக்காரர் மட்டையைச் சுற்றிய நிலையிலேயே அசையாமல் நின்று, பிறகு மெதுவாகத் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

இஞ்ஞாசி மேட்டில் முழங்காலிட்டிருந்தான். வலது முழங்கையை இடது கையால் பிடித்திருந்தான். வடிவு ஓடினாள். நாற்பதாயிரம் பேரின் கூச்சல் அவளுக்குக் காதில் ஏறவில்லை.

"காட்டுடே! கைய விரி!"

அவன் விரித்தான். கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை ஐந்தும் ஒவ்வொன்றாக விரிந்தன. மூடினான். மறுபடி விரித்தான். பூ மலர்வதைப் பார்ப்பதுபோல இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வலிக்கலக்கா" என்றான். குரலில் ஒரே பயம்.

நூல் ஏன் அறவில்லை என்று பார்க்கப் பத்து நாள் கழித்துச் சில்லை எடுத்தார்கள். உலோகம் போய்விட்டதால் முதல் முறையாகக் காந்த ஸ்கேன் எடுக்க முடிந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டர் ஜெபக்கனி திரையை உற்றுப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நூல் இல்லம்மா."

"அறுந்துட்டா?" வடிவு பதறினாள்.

"இல்லவே இல்லங்கறேன். கரைஞ்சு போயிருக்கு. அதைப் பந்தல்கால் மாதிரி புடிச்சிக்கிட்டு இவரோட சொந்த நார் ஏறி வளந்திருக்கு பாருங்க. பழைய நாரைவிட ரெண்டு மடங்கு தடிமன். நான் இப்படி ஒரு முழங்கையப் பாத்ததே இல்ல. இன்னும் பத்து வருஷம் எறியலாம்."

"மிஷின்ல நானூறும் அறுந்துதுன்னாங்களே!"

"மிஷின் எறிஞ்சு முடிச்சிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னு தூங்காதும்மா. இவரு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவுல நாலு நாள் தூங்கியிருக்காரு. ஒவ்வொரு தூக்கத்துலயும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமா நெய்திருக்கு. எட்டாவது மாசத்துல அறுந்த அந்தக் கொரியாக்காரருக்கு அதுக்கு நேரம் கிடைக்கல. அவ்வளவுதான்."

வடிவு திரையில் தெரிந்த அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்தாள். மனிதர் யாரும் சொல்லாமல், யாருக்கும் தெரியாமல், இருட்டுக்குள் உட்கார்ந்து இத்தனை அழகாக ஒன்றைச் செய்திருக்கிறது இந்த உடம்பு. கும்பிடவேண்டும்போல இருந்தது. அடுத்த நொடி அந்தப் பதினேழு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு நல்ல கையோடு வீட்டுக்குப் போனவர்கள். ஒருவராவது அடம் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

"நூல் எப்பக் கரைஞ்சிருக்கும் டாக்டர்?"

"மூணு நாலு வருஷத்துல முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் அந்தச் சில்லு இல்லாத ஒண்ணைத்தான் எண்ணிக்கிட்டு இருந்திருக்கு."

அவள் நேராக இஞ்ஞாசி வீட்டுக்குப் போனாள். சாயங்காலம். முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தவனிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, யாரோ பெரியவரைப் பார்த்ததுபோல அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான்.

"எப்பேர்ப்பட்ட கையிக்கா இது!"

பிறகு, "நாலு வருசத்துலயேவா?" என்றான்.

"ஆமா."

"அப்ப அவளுக்கு ஏழு வயசு."

எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தானே. அவன் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுதான். மறைக்கவில்லை. பிறகு துணிகளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் அலமாரிக்கு மேலே துழாவி, தூசி படிந்த பந்தை எடுத்து வந்தான்.

"செலின்! இங்க வா!"

"டியூஷன் இருக்குப்பா."

"ஒரு நிமிசம் வா மக்கா. அந்த மூலைல போய் நில்லு."

அவள் வந்தாள். அப்பாவின் முகத்தையும் வடிவு அத்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பழைய மூலையில் போய் நின்றாள். இப்போது அவள் தலை மதில்சுவருக்கு மேல் தெரிந்தது.

இஞ்ஞாசி வலது கையில் பந்தை எடுத்தான். மட்டைக்கு எட்டாமல் எறிய அவனுக்குத் தெரியும். தன் பிள்ளை பிடிக்கும்படி எறிய அவன் கற்றதே இல்லை. கை குழம்பியது. கடைசி நொடியில் பயந்து இறுக்கிப் பிடித்துவிட்டான். பந்து பாதி முற்றத்தில் பொத்தென்று விழுந்து புல்லில் உருண்டு நின்றது.

லீக்கின் ஒரே முழு ஆட்டத்தை ஆடியவன் தலையைக் குனிந்துகொண்டான்.

செலின் நடந்து வந்து பந்தை எடுத்தாள். தூசியைப் பாவாடையில் துடைத்தாள். அங்கிருந்தே எறிந்திருக்கலாம். அவள் மீதி முற்றத்தையும் நடந்து கடந்து, அவன் வலது கையைப் பிடித்து விரித்து, பந்தை உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னொண்ணு போடுப்பா" என்றுவிட்டுத் தன் மூலைக்குத் திரும்பி நடந்தாள்.